அரை மணித்தியாலத்துக்கு ஒரு முள்

ஊர் நேரமும் காட்டும் கைமணிக்கூடு ஒன்றைக் கூடிச் செய்விக்க நினைக்கும், வெளிநாடுகளில் வாழும் மன்னார்த் தம்பி தங்கச்சிமாருக்கு,

பேசாலை, தலைமன்னார், எருக்கலம்பிட்டி, வங்காலை, அடம்பன் என்று உங்கள் ஊர்கள் வேறாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். ரொறன்ரோவோ லண்டனோ பாரிஸோ, நீங்கள் இருக்கும் இடத்து நேரம் வழமையான முட்களில் ஓட வேண்டும். மன்னார் நேரம் தனியாக ஒரு சிவப்பு முள்ளில் ஓட வேண்டும். பெட்டி, முகப்பு, பட்டி எல்லாவற்றையும் நீங்களே வரைந்து கொடுக்கப் போகிறீர்கள். உள்ளே எந்த மெஷினைப் போடுவது என்று மூன்று பெயர்களை அனுப்பி, திருத்து மேசையில் இருக்கும் என்னிடம் கேட்டீர்கள்: சுவிஸ் நாட்டுச் செலிற்றா எஸ்.டபிள்யூ. 330, சிற்றிசன் குழுமத்தின் மியோட்டா 9075, சீக்கோவின் என்.எச். 34.

என்.எச். 34 ஐப் போடுங்கள். இதைச் சொல்ல ஒரு வரி போதும். ஆனால் அந்த மெஷினை வழக்கம்போலப் பூட்டி எடுத்தால் அது உங்களுக்கு மன்னார் நேரத்தைக் காட்டாது. மற்ற இரண்டும் காட்டாது. மூன்று மெஷினுக்கும் ஒரே குறை, அந்தக் குறை நம்முடைய அரை மணித்தியாலம்.

லண்டனில் கோடைகாலம், காலை சரியாக 10 மணி என்று வையுங்கள். மன்னாரில் பிற்பகல் 2.30. சிவப்பு முள் நாளுக்கு ஒரு முறை சுற்றும் முள். அதற்கு 24 எண்கள் போட்ட வட்டம். அந்த முள்ளைத் தனியாக நகர்த்தலாம், ஆனால் ஒவ்வொரு மணித்தியாலமாகத்தான் அது துள்ளும். 14 இல் வைத்தால் மன்னாரில் 2 மணி என்கிறது, 15 இல் வைத்தால் 3 மணி என்கிறது. இரண்டரைக்கு அதனிடம் இடமே இல்லை. நிமிட முள் இரண்டு ஊருக்கும் பொது. அதைத் தொட்டால் லண்டன் நேரம் குழம்பும். "முப்பது நிமிடத்தை மனதில் கூட்டிக்கொள்ளலாமே" என்று கடைக்காரர் சொல்லுவார். மனக்கணக்குத்தான் போட வேண்டுமென்றால் நாலரையையும் மனதிலேயே கூட்டிவிடலாம், மணிக்கூடு எதற்கு?

நம்மவர்கள் போய்ச் சேர்ந்த நாடுகளை எண்ணிப் பாருங்கள். ரொறன்ரோவுக்கும் ஊருக்கும் கோடையில் ஒன்பதரை, குளிரில் பத்தரை மணித்தியாலம். லண்டனுக்கு நாலரை, ஐந்தரை. பாரிஸ், சூரிச், ஒஸ்லோ எல்லாம் மூன்றரை, நாலரை. சிட்னியும் மெல்பேணும் நமக்கு முன்னே நாலரை, ஐந்தரை. துபாய் ஒன்றரை, கட்டாரும் குவைத்தும் இரண்டரை. எங்கே போனாலும் அந்த அரை பின்னாலேயே வருகிறது. ஒட்டாத இடம் மிகக் குறைவு. 1986 ஆகஸ்ட்டில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழ் அகதிகளை மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தார்களே, கனடாவின் அந்த நியூஃபவுண்ட்லாந்து அப்படியான ஓர் இடம். அதுவும் அரை மணிக் கணக்கில் ஓடும் நிலம் என்பதால், அந்த ஆகஸ்ட்டில் அங்கிருந்து நம்மூருக்குச் சரியாக எட்டு மணித்தியால வித்தியாசம். அங்கிருந்து அவர்கள் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போனதும் அரை மணி திரும்பி வந்துவிட்டது.

இந்த அரையை நமக்குக் கட்டிவிட்டது 1906. அந்த ஆண்டு ஜனவரி முதலாம் திகதி முதல் இலங்கை நேரம் கிரினிச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே என்றானது. அதற்கு முன் இருந்தது மொறட்டுவை நேரம், 5 மணி 19 நிமிடம் 32 செக்கன். மன்னாரின் சூரியன் இன்றைக்கும் கிட்டத்தட்ட அந்தப் பழைய கணக்கில்தான் நடக்கிறது. மொறட்டுவையும் மன்னாரும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் இருப்பதால், நம்மூரில் உச்சி வெயில் சராசரியாகப் பன்னிரண்டு பத்துக்குத்தான் வரும்.

இனி நான் சொல்லப்போவது உங்களில் இளையவர்களுக்குப் புதிதாக இருக்கும். இரண்டு நேர மணிக்கூடு உலகத்தில் யாருக்காவது அவசியமாக இருந்ததென்றால் அது 1996 இலிருந்து 2006 வரை மன்னார் மாவட்டத்துச் சனங்களுக்கு. 1996 இல் மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் வற்றின. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் மே 25 அன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஆறரை ஆனது. விடியாமலே பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதாகத் தாய்மார் புறுபுறுத்தார்கள். ஒக்டோபர் 26 அன்று அரை மணியைத் திருப்பிக் கொடுத்தார்கள்; ஆறு ஆனது. அந்த ஆறு 2006 ஏப்ரல் வரை நின்றது. விடுதலைப் புலிகள் இந்த மாற்றம் எதையும் ஏற்கவில்லை. அவர்களுடைய கட்டுப்பாட்டுப் பகுதிகளில் ஐந்தரையே ஓடியது.

மன்னார்த் தீவு இராணுவத்தின் பக்கம், அடம்பனும் விடத்தல்தீவும் இயக்கத்தின் பக்கம். ஒரே மாவட்டம், ஒரே கச்சேரி, இரண்டு நேரம். தீவில் இருப்பது புது நேரம், அங்காலை இருப்பது பழைய நேரம். 2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்தம் வந்து உயிலங்குளம் பாதை திறந்தபின் சனங்கள் இரண்டுக்கும் நடுவில் போய்வரத் தொடங்கினார்கள். அந்த நாட்களில் என் மேசைக்கு ஒரு மணிக்கூடு வந்தால், என்ன வருத்தம் என்று கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்பேன்: "நேரம் எதில வைக்க? பழசிலயோ புதுசிலயோ?" பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். வயதான சிலர், "வைக்க வேண்டாம் தம்பி, ஓடுற மாதிரிச் செய்து தாங்கோ, நான் வைச்சுக்கொள்ளுறன்" என்பார்கள். மணிக்கூட்டில் எந்த நேரம் ஓடுகிறது என்பதைப் பார்த்து ஓர் ஆளை எந்தப் பக்கத்தவர் என்று எடைபோடக்கூடிய காலம் அது. அவர்களுடைய எச்சரிக்கை எனக்கு விளங்கியது.

தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியது 1914 இலிருந்து, 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கும்வரை. இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சில மாற்றங்களை விட்டால், அந்த அரை நூற்றாண்டும் கடலைக் கடந்து இன்னொரு நாட்டில் கால் வைத்தவர் மணிக்கூட்டில் கை வைக்கத் தேவை இருக்கவில்லை. இந்தியாவும் ஐந்தரை, நாமும் ஐந்தரை. கடல் கடக்க மாற்றாத நேரத்தை உயிலங்குளம் கடக்க மாற்ற வேண்டியிருந்தது.

கடையில் அப்படியே வாங்கும், 24 மணி முள் வைத்த ஜி.எம்.ரி. மணிக்கூடு ஒன்று அந்த ஆறு ஓடிய வருடங்களில் லண்டனிலிருந்த ஒருவரிடம் இருந்திருந்தால், மன்னார் பஸார் நேரத்தை அது பிசகில்லாமல் காட்டியிருக்கும், ஏனென்றால் ஆறு முழு எண். அதே மணிக்கூடு அடம்பனில் இருந்த தாயின் நேரத்தைக் காட்டியிராது. 2006 ஏப்ரல் 15 அன்று முழு இலங்கையும் ஐந்தரைக்குத் திரும்பியது. கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அந்தத் திரும்பலை விரும்பவில்லை. மற்ற நாடுகளோடு பேசும்போது அரை மணி தொல்லை என்பது அவர் பக்கத்து நியாயம். மணிக்கூடு திருத்துபவனாக அவர் பக்கம் நிற்கலாம்தான். ஆனால் விடியும் நேரத்தோடு ஒட்டிப் பிழைக்கும் ஊரில் இருந்துகொண்டு அப்படி நிற்க முடியவில்லை.

சரி, மெஷினுக்கு வருவோம்.

இந்த 24 மணி முள் ஏற்பாடு விமானிகளுக்காகப் பிறந்தது. கிளைசின் நிறுவனத்தின் ஏர்மேன் 1953 இல் வந்தது. பான் ஆம் விமானிகளை மனதில் வைத்து ரோலெக்ஸ் ஜி.எம்.ரி. மாஸ்டரைக் கொண்டுவந்ததும் அதே ஐம்பதுகளில்தான். அந்தப் பழைய ரோலெக்ஸில் 24 மணி முள் தனியாக நகராது. வெளியே 24 எண் போட்ட வளையத்தைத் திருகித்தான் இரண்டாவது நேரத்தை எடுக்க வேண்டும். திருகும் வளையத்தை எங்கேயும் நிறுத்தலாம், இரண்டு எண்களுக்கு நடுவிலும் நிறுத்தலாம். அரை மணிக்காரருக்கு அந்தப் பழைய முறையில் ஒரு கரைச்சலும் இருக்கவில்லை. முள்ளைத் தனியாக நகர்த்தும் வசதி பின்னர் வந்தது. அந்த வசதியோடு பல்லுச் சக்கரமும், ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு துள்ளலும் வந்தன. அரை போய்விட்டது.

இப்போதுள்ள மெஷின்கள் இரண்டு சாதி. ஒரு சாதியில் உள்ளூர் மணி முள் துள்ளும், 24 மணி முள் தன்பாட்டில் ஓடும். பயணிக்கு ஏற்றது என்பார்கள். விமானத்தால் இறங்கியதும் மணி முள்ளை மட்டும் துள்ளவைத்தால் போதும், செக்கன் முள் நிற்காது, திகதியும் கூடவே மாறும். உங்கள் பட்டியலில் மியோட்டா 9075 அந்தச் சாதி. மற்றச் சாதியில் 24 மணி முள் துள்ளும், உள்ளூர் முட்கள் இருந்தபடி இருக்கும். ஒரு நாட்டில் குடியிருந்துகொண்டு இன்னொரு நாட்டுக்குத் தொலைபேசி எடுப்பவருக்கு ஏற்றது. செலிற்றாவும் என்.எச். 34 உம் இந்தச் சாதி.

மணிக்கூட்டுப் பித்துப் பிடித்தவர்கள் முதற்சாதிக்குத்தான் மரியாதை கொடுப்பார்கள். உங்களில் ஒருவரும் மியோட்டாவுக்காக வாதாடுகிறார் என்று தெரிகிறது. அவர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு: வருடத்தில் இரண்டு தரம் கனடாவிலும் ஐரோப்பாவிலும் நேரம் மாறும்போது மியோட்டாவில் ஒரு துள்ளலோடு வேலை முடியும். என்.எச். 34 இல் சாவியை முழுக்க இழுத்து நேரத்தை மாற்றி, பிறகு சிவப்பு முள்ளைத் திரும்பச் சரிப்படுத்த வேண்டும். ஆனால் மியோட்டாவின் பெரிய வித்தை பயணத்தில்தான் இருக்கிறது, அந்தப் பயணம் நமக்கு உதவாது. நீங்கள் ரொறன்ரோவிலிருந்து கட்டுநாயக்காவில் இறங்குகிறீர்கள். மணி முள்ளை ஒன்பது தரம் துள்ளவைத்தாலும் பத்துத் தரம் துள்ளவைத்தாலும் அரை மணி மிஞ்சி நிற்கும். நிமிட முள்ளை நகர்த்தியே ஆக வேண்டும், நகர்த்த மணிக்கூட்டை நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்தாமல் மாற்றலாம் என்பதற்காகக் கூடுதல் காசு கொடுத்து வாங்கிய மெஷினை ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் நிறுத்துவதென்றால் அந்தக் காசு எதற்கு?

செலிற்றா அருமையான மெஷின், மெல்லியது. காசும் பல மடங்கு. அதன் உதிரிப்பாகம் ஒன்றை மன்னாரில் இருந்துகொண்டு எடுப்பது பெரும்பாடு. அதோடு அதை விட்டுவிடுகிறேன்.

என்.எச். 34 மணித்தியாலத்துக்கு 21,600 துடிப்பு, மியோட்டா 28,800. செக்கன் முள் மியோட்டாவில் வழுக்கி ஓடுவது போலத் தெரியும், என்.எச். இல் கொஞ்சம் நடை தெரியும். நேரத்தில் நாளுக்கு 40 செக்கன் வரை முந்தலாம், 20 செக்கன் வரை பிந்தலாம் என்று சீக்கோவே சொல்லி விற்கிறது. மியோட்டாவின் எல்லை இதைவிட இறுக்கம். இரண்டும் கழற்றி வைத்தால் ஒன்றரை நாளைக்குக் கொஞ்சம் கூட ஓடும். கணக்கைப் பார்த்தால் மியோட்டா மேல். நான் கணக்கை மட்டும் பார்க்கவில்லை. சவூதிக்கும் குவைத்துக்கும் போய்வந்தவர்கள் கொண்டுவந்த சீக்கோ 5 மணிக்கூடுகளைத் திருத்தியே நம்மூரில் ஒரு தலைமுறை இந்தத் தொழிலைப் பழகியது. என்.எச். மெஷினின் உள்ளமைப்பு அந்தக் குடும்பத்து வழி. ரோட்டர் எந்தப் பக்கம் சுழன்றாலும் சுருளை முறுக்கும் அந்த நெம்பு இதிலும் இருக்கிறது. திருத்த முடியாமல் போனாலும் மெஷினை முழுதாகக் கழற்றி எறிந்து புதிதைப் போடலாம், காசு கையைக் கடிக்காது.

இப்போது அந்த அரை மணிக்கு வைத்தியம். இது கடையில் வாங்கும் மணிக்கூட்டில் எளிதாகக் கிடைக்காதது, நீங்கள் சொந்தமாகச் செய்விப்பதால் மட்டும் கிடைப்பது.

முட்கள் எல்லாம் தண்டின்மேல் அழுத்தி ஏற்றப்படுபவை. ஆணியும் கிடையாது, பசையும் கிடையாது, உராய்வில் நிற்கின்றன. எந்தக் கோணத்தில் அழுத்துகிறோமோ அந்தக் கோணத்தில் நிற்கும். வழமையாகப் பூட்டுபவர் சாவியை இழுத்துத் திகதி மாறும்வரை சுற்றுவார்; திகதி விழும் இடம் நடுச்சாமம். அங்கே மணி முள், நிமிட முள், 24 மணி முள் மூன்றையும் உச்சிக்கு நேரே வைத்து அழுத்துவார். உங்கள் மணிக்கூட்டுக்கு முதல் இரண்டையும் உச்சியில் வைக்கட்டும். 24 மணி முள்ளை மட்டும் 24 என்ற எண்ணுக்கும் 1 என்ற எண்ணுக்கும் சரி நடுவில் வைத்து அழுத்தச் சொல்லுங்கள். அவ்வளவுதான். அதன்பின் முள் எத்தனை தரம் துள்ளினாலும் எப்போதும் அரைப்படி தள்ளியே நிற்கும். லண்டனில் 10 மணி என்றால் 14 க்கும் 15 க்கும் நடுவில் நிற்கும். இரண்டரை. லண்டனில் பத்தரை ஆகும்போது ஊர்ந்துபோய் 15 இல் சரியாகப் பொருந்தும். மூன்று மணி.

இதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம், இது இரண்டு பக்கமும் வேலை செய்யும். விடுமுறைக்கு வந்து உள்ளூர் முட்களை மன்னார் நேரத்துக்கு வைத்துவிட்டு, சிவப்பு முள்ளைத் துள்ளவைத்து லண்டனுக்குக் கொண்டுபோனாலும் அரைப்படி அப்படியே பொருந்தும். மன்னாரில் 2.30 என்றால் நிமிட முள் கீழே நிற்கும், சிவப்பு முள் 10 என்ற எண்ணில் நிற்கும். ஆகையால் உங்களுக்கொன்று, ஊரிலிருக்கும் அப்பாவுக்கு ஒன்று என்று ஒரே மாதிரிப் பூட்டலாம்.

24 மணி வட்டத்தில் அரை மணி என்பது ஏழரைப் பாகை. என்.எச். குடும்பத்து முகப்புகள் பொதுவாக 28.5 மில்லிமீற்றர் குறுக்களவு. சிவப்பு முள்ளின் நுனி நிற்கும் இடத்தில் ஏழரைப் பாகை ஒன்றரை மில்லிமீற்றர் அளவுதான் வரும். கண்ணுக்குத் தெரியும், ஆனால் கோடு இல்லாமல் நம்ப முடியாது. ஆகவே முகப்பில் 24 எண்களோடு நிறுத்தாமல் நடுவில் அரைக்கோடுகளும் போடுங்கள், மொத்தம் 48. முள்ளின் நுனி கூராக இருக்கட்டும். அகலமான அம்புத்தலை அழகுதான், ஒன்றரை மில்லிமீற்றரில் அது அரைக்கோட்டையே மூடிவிடும். நடுவில் ஒரு குழாய் கூடுதலாக வருவதால் முகப்பின் நடுத்துளையும், கண்ணாடிக்குக் கீழே முட்களுக்கு இருக்கும் உயரமும் இந்த மெஷினுக்கென்றே அளந்ததாக இருக்க வேண்டும், சாதாரண என்.எச். 35 முகப்பை வாங்கி ஒப்பேற்றப் பார்க்காதீர்கள்.

முள்ளைத் தள்ளாமல் எண்களையே அரைப்படி தள்ளி அச்சடிக்கலாமே என்று உங்களில் வரைபவர் கேட்பார். கெட்டிக்காரத்தனமான கேள்வி. அப்படிச் செய்தால் எந்தத் திருத்துநர் கழற்றிப் பூட்டினாலும் பிழைக்காது, முள்ளை வழமைபோல உச்சியில் வைத்தால் போதும். இருந்தும் நான் முள்ளின் பக்கம். 1996 மேயிலிருந்து 2006 ஏப்ரலுக்குள் இந்த நாடு மூன்று தரம் நேரத்தை மாற்றியிருக்கிறது. நாளைக்கு இன்னொரு மின்வெட்டுக் காலத்தில் இன்னோர் அமைச்சர் ஆறாக்கினால், முள்ளைக் கழற்றி நேராக அழுத்துவது சின்ன வேலை. அச்சடித்த முகப்பை என்ன செய்வது? உங்களில் ஒருவர் வேலை கிடைத்து அடிலெய்டுக்குப் போகவும்கூடும். அங்கேயும் அரை மணிக் கணக்கு, நமக்கும் அவர்களுக்கும் இடையில் முழு எண்தான்.

வெளிவளையம் வைப்பதென்றால் 24 சொடுக்கு வளையம் வேண்டாம், 48 சொடுக்கு அல்லது சொடுக்கே இல்லாதது. ஆனால் வளையம் சட்டைக்கையில் பட்டு நகரும், நகர்ந்தது தெரியாது.

அப்பா அம்மாவுக்கு அனுப்புவதைப் பற்றி ஒரு சொல். ஓட்டோமற்றிக் மணிக்கூடு கையில் இருக்கும்வரைதான் ஓடும். ஞாயிறு பூசைக்கு மட்டும் கட்டிவிட்டு அலுமாரிக்குள் வைக்கும் ஆளென்றால் அடுத்த ஞாயிறு அது நின்றிருக்கும். நின்றதை எழுப்பி, திகதி வைத்து, நேரம் வைத்து, சிவப்பு முள்ளைத் துள்ளவைப்பது வெள்ளெழுத்துக் கண்ணுக்குப் பெரிய வேலை. இரவு ஒன்பதுக்கும் ஒரு மணிக்கும் இடையில் திகதியைத் திருகினால் பல்லும் தேயும். அப்படிப்பட்டவர்களுக்கு 24 மணி முள் உள்ள குவாட்ஸ் மெஷின் போடுங்கள். சுவிஸ் ரொண்டாவில் 515.24எச் என்று ஒன்று உண்டு. முள்ளை ஏற்றும் வித்தை அதற்கும் இதேதான். பற்றரி தீர்ந்தால் உடனே மாற்ற வேண்டும், தீர்ந்த பற்றரியை உள்ளே விட்டால் கசிந்து மெஷினைத் தின்றுவிடும். ஒரு பெட்டிக்குள் இரண்டு சின்னக் குவாட்ஸ் மெஷினை வைத்து, இரண்டு சாவி வைத்த மணிக்கூடுகளும் உண்டு. அரை மணி, கால் மணி எதுவும் அதற்குத் தடையில்லை. கொஞ்ச மாதத்தில் இரண்டு நிமிட முட்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் நிற்கும்போது எரிச்சல் வரும், அது வேறு.

திகதியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். திகதி உள்ளூர் முட்களோடு போகும். ரொறன்ரோவில் மாலை ஆறு மணிக்கு உங்கள் கையில் 14 என்று இருக்கும்போது ஊரில் 15 விடிவதற்குக் கிட்டவாகியிருக்கும். மடுத் திருநாளுக்கு வாழ்த்துச் சொல்லவோ அப்புவின் ஆண்டுத்திவசத்துக்கு எடுக்கவோ சிவப்பு முள் 24 ஐத் தாண்டிவிட்டதா என்று பார்த்து எடுங்கள்.

போனில் இரண்டு நேரமும் இருக்கிறதே என்பவர்களோடு எனக்கு வாதமில்லை. அவர்கள் போனைப் பார்க்கட்டும்.

பெட்டி விஷயத்தில் மட்டும் மன்னார்க்காரனாக அடம்பிடிக்கிறேன். தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை வரிசையாக நட்டுவைக்கும் அளவுக்கு நம்மூரில் காற்று. சோளகம் வீசும் மாதங்களில் அது உப்பையும் மணலையும் சேர்த்தே கொண்டுவரும். பேசாலைப் பக்கத்துத் தொழிலாளியின் மணிக்கூட்டைத் திறந்தால் முதலில் சாவித் தண்டைத்தான் பார்ப்பேன். தண்டின் நடுவில் பழுப்பாக ஒரு வளையம் விழுந்திருக்கும், தொட்டால் விரலில் தூளாக ஒட்டும். அந்த இடத்தில்தான் ரப்பர் வளையம் தட்டையாகி நீரை விட்டிருக்கும். பின்மூடியின் விளிம்பில் உப்பும் வியர்வையும் சேர்ந்து பச்சையும் கறுப்புமாகக் களிம்பு. மெஷினுக்கு எவ்வளவு செலவழித்தாலும் அந்த ஒரு ரப்பர் வளையத்தில்தான் அதன் ஆயுள் தொங்குகிறது. 316எல் உருக்குப் பெட்டி, முறுக்கிப் பூட்டும் சாவி, 100 மீற்றர் நீர்த்தாங்கல், முறுக்கிப் பூட்டும் பின்மூடி. தோல் பட்டி ஊரில் ஒரு சோளகத்துக்குத் தாங்காது. ரப்பரோ நைலோனோ போடுங்கள். நேரத்தை மாற்றிய பிறகு சாவியை முறுக்கிப் பூட்ட மறப்பவர்கள் என்னிடம் வந்துதான் ஆக வேண்டும்.

அரைப்படி தள்ளிய முள்ளுக்கு ஒரு எதிரி உண்டு, அது நல்ல திருத்துநர். ஐந்தாறு வருடத்தின் பின் எண்ணெய் மாற்றக் கொடுப்பீர்கள். கைதேர்ந்த ஆள் கழற்றுவார், "எவனோ முள்ளைக் கோணலாக ஏற்றியிருக்கிறான்" என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு நேராக்கிப் பூட்டித் தருவார். கூலியும் வாங்குவார். ஆகையால் பின்மூடியின் உட்பக்கத்தில் எழுதிவையுங்கள். திருத்துநர்கள் தங்கள் குறியையும் திகதியையும் கீறிவைக்கும் இடம் அதுதான், திறப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும். "24 மணி முள் அரை மணி தள்ளி ஏற்றியது, நேராக்க வேண்டாம்" என்று தமிழில் ஒரு வரி, அந்த நாட்டு மொழியில் ஒரு வரி. வெளிப்பக்கத்தில் பெருக்க மரமோ கழுதையோ கலங்கரை விளக்கமோ உங்கள் இஷ்டம்.

முகப்பை அச்சுக்குக் கொடுக்குமுன் வரைபடத்தை எனக்கொருமுறை அனுப்புங்கள், அரைக்கோடுகளைப் பார்க்க வேண்டும். செய்து வந்ததும் ஒவ்வொருவரும் கையில் கட்டுமுன் சாவியை இழுத்து, நிமிட முள்ளை முன்பக்கமாகவே சுற்றி 12 இல் நிறுத்துங்கள். பின்பக்கமாகச் சுற்றி நிறுத்தினால் சக்கரங்களுக்கு இடையிலுள்ள தளர்வால் சிவப்பு முள் கொஞ்சம் சரிந்து நின்று ஏமாற்றும். சிவப்பு முள் அரைக்கோட்டில் நின்றால் வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணின் மேல் நின்றால் காசைக் கொடுக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மன்னார் பஸாரில் மணிக்கூடு திருத்தும் அண்ணன்